பதினாறு சுற்று

கரையில் கஸ்பார் சார் ஆசிரியர். பிரகாசி அவரிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். படகில் ஏறிவிட்டால் பிரகாசி ஆசான், அவர் மாணவர். கற்றுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஆசான்தான் என்று சொல்லி இந்த ஏற்பாட்டைச் செய்தவர் கஸ்பார் சாரே. பிரகாசிக்கு வெட்கமாக இருந்தது. அவரை "சார்" என்று கூப்பிடுவதை மட்டும் அவள் கடலிலும் விடவில்லை.

பிரகாசிக்கு முப்பத்தாறு வயது. சொந்தமாகச் சின்னப் பாய்ப் படகு வைத்துத் தூண்டிலில் மீன் பிடிக்கிறவள். கஸ்பார் சார் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வகுப்பறை ஜன்னல் வழியாக முப்பது வருடம் பார்த்த கடலைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டு அவளிடம் வந்தார். பாய் விரிக்கவும் சுக்கான் பிடிக்கவும் ஓரளவு பழகிவிட்டார்.

அந்த வாரம் அவர் மனம் எதிலும் ஒட்டவில்லை. சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு கடிதம் இருந்தது. மகள் ஜெசிந்தாவுக்கு விசாகப்பட்டினத்தில் கடலாய்வுப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். அப்பா வேண்டாம் என்றால் போகவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஜெசிந்தா அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை காலை படகில் அவர் கேட்டார்.

"ஆசானே, நங்கூரத்தில் எது நல்லது?"

"எந்தத் தரைக்கு, சார்?"

அவருக்குப் புரியவில்லை. பிரகாசி ஒரு ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினாள். குண்டின் அடியில் சிறு குழி. அதில் சோப்பை அப்பியிருந்தாள். மேலே வந்தபோது சோப்பில் மணல் ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போய் இறக்கினாள். இப்போது கருஞ்சேறு. மூன்றாவது இடத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. சோப்பில் கீறல் மட்டும் இருந்தது. கீழே பாறை என்றாள். சேற்றுக்கு அகலத் தகடு வைத்த நங்கூரம் வேண்டும், பாறைக்கு நாலு கொக்கி வைத்தது வேண்டும், தரையைக் கேட்காமல் நங்கூரத்தைத் தூக்கக் கூடாது என்றாள்.

இருப்பதிலேயே பெரிய நங்கூரம் ஒன்றைப் போட்டுவிட்டால் எந்தத் தரையிலும் நிற்காதா என்று அவர் கேட்டார்.

"நிக்கும். அதைத் தூக்கிட்டு வர இன்னொரு படகு வேணும், சார்."

அன்று மாலை கரையில் கயிறுகளைச் சுற்றி வைக்கும்போது, கொக்கி நங்கூரத்தில் அவர் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். கயிற்றின் நுனி, கொக்கிகள் சேரும் அடிப்பாகத்தில் கெட்டியாக முடியப்பட்டிருந்தது. அங்கிருந்து கயிறு நங்கூரத் தண்டை ஒட்டி மேலே போய், தலை வளையத்தில் வெறும் பருத்தி நூலால் நாலு சுற்றுக் கட்டியிருந்தது. பூக்கட்டுகிற நூல் மாதிரி. இழுத்துப் பார்த்தார். ஒரு பிரி ஏற்கெனவே விட்டிருந்தது.

பரீட்சைத் தாளில் பிழை திருத்திப் பழகிய கை. கடைக்குப் போய் ஒரு உருண்டை நைலான் இழை வாங்கி வந்தார். பருத்தி நூலை வெட்டி எறிந்துவிட்டு, வளையத்தோடு கயிற்றைப் பதினாறு சுற்றுச் சுற்றி இறுக்கினார். மீதி இழையைப் படகிலேயே வைத்தார். பிரகாசியிடம் சொல்லவில்லை. அவளாகக் கவனித்துப் பாராட்டட்டும் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை கடலடிப் பாறைக்கு மேலே படகை நிறுத்தித் தூண்டில் போட்டார்கள். சுக்கானில் பிரகாசி இருந்ததால் நங்கூரத்தை அவர்தான் இறக்கினார். எட்டு ஆள் ஆழம். படகு அசையாமல் நின்றது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

மதியத்துக்குமேல் மேற்குக் காற்று ஏறியது. கிளம்பலாம் என்று பிரகாசி கயிற்றை இழுத்தாள். வரவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். அலை தூக்கும்போதெல்லாம் கயிறு விறைத்து, படகின் முகப்பு தண்ணீருக்குள் குனிந்தது. இரண்டு முறை தண்ணீர் உள்ளே கொட்டியது.

"இந்நேரம் நூல் அறுந்திருக்கணுமே," என்றாள் பிரகாசி.

நூலை மாற்றியதை அப்போதுதான் அவர் சொன்னார்.

அவள் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தனை சுத்து, சார்?"

"பதினாறு."

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க."

கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினாள். நங்கூரமும் அறுபது முழக் கயிறும் கடலோடு போயின. திரும்பும் வழியெல்லாம் அவர் டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தார். அவள் திட்டவில்லை. பெஞ்சு மேல் நிற்கிறீர்களா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். ஐந்தாம் வகுப்பில் அவளை அடிக்கடி அங்கே நிற்க வைத்தவர் அவர்.

கஸ்பார் சார் மறுநாளே கொல்லரிடம் போய் உட்கார்ந்தார். வியாழக்கிழமை காலை, நாலு கொக்கி வைத்த புது நங்கூரத்தோடும் புதுக் கயிற்றோடும் துறைக்கு வந்தார். கடிதம் இன்னும் பையில்தான் இருந்தது.

பிரகாசி கயிற்றை அடிப்பாகத்தில் முடிந்தாள். வளையத்தில் கட்டுவதை அவரிடம் விட்டாள். பருத்தி நூல் ஒரு பக்கம், அவர் மிச்சம் வைத்த நைலான் ஒரு பக்கம் இருந்தன. அவர் பருத்தி நூலை எடுத்தார். எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தாங்குமா, ஆசானே?"

"கயித்தைத் தாராளமா விடுங்க, சார். நீளமா விட்டா நூலுக்கு அவ்வளவு பாரம் வராது."

நாலு சுற்றுக் கட்டினார்.

அவள் வேண்டுமென்றே அதே பாறைக்குப் படகை விட்டாள். நங்கூரம் இறங்கிப் பிடித்தது. அவர் கயிற்றைத் தாராளமாக விட்டார். அன்று அவர் தூண்டிலைத் தொடவேயில்லை. கயிற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். காற்று வந்தது, நீரோட்டம் திரும்பியது. நாலு மணி நேரம் படகு நின்ற இடத்தில் நின்றது.

கிளம்பும் நேரம் வந்தது. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிப் படகை நங்கூரத்துக்கு நேர்மேலே கொண்டுவந்து, பலமாக இழுக்கச் சொன்னாள். இழுத்தார். கீழே கொக்கி பாறையைக் கவ்விக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்தார். டப் என்று ஏதோ விட்டது கைக்குத் தெரிந்தது. கயிறு தொளதொளவென்று ஆனது.

கஸ்பார் சார் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"போச்சு," என்றார்.

"கயிறு கையில இருக்கா, சார்?"

"இருக்கு."

"அப்புறம் என்ன போச்சு? இழுங்க."

இழுத்தார். முதலில் லேசாக இருந்தது, பிறகு கனத்தது. பாரம் இப்போது அடிப்பாகத்தில் விழுந்ததால், நங்கூரம் போன வழியிலேயே பின்னால் நழுவி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. ஒரு கொக்கியில் பாசி சுற்றியிருந்தது. வளையத்தில் அறுந்த நூல் இரண்டு அங்குலம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் அறுந்துடுமே, ஆசானே. அப்புறம்?"

"மறுபடி கட்டணும். அதுக்குத்தான் ஒரு உருண்டை நூல் வாங்கி வச்சிருக்கேன்."

கரைக்குத் திரும்பினார்கள். படகு மணலில் ஏறியது. இறங்கினார், நாலடி நடந்தார், திரும்பி வந்தார்.

"ஆசானே, கொஞ்சம் நூல் வேணும்."

கரையில் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எதற்கு என்று பிரகாசி கேட்டாள்.

"ஜெசிந்தாவுக்குப் பெட்டி கட்டணும். ரயில்ல ரெண்டு நாள் போகுது."

பிரகாசி பருத்தி நூலை எடுத்துத் தன் மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். படகின் மூலையில் கிடந்த நைலான் உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பெட்டிக்கு இதுதான், சார். பதினாறு சுத்து சுத்துங்க."