மலைக்கு அந்தப் பக்கத்து மேளம்

எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்த்த வெள்ளையம்மாளின் அப்பா மலைக்கு அந்தப் பக்கம் இறந்துபோனார். அவள் லீவு கேட்டுப் போனபோது, முதலாளி திருவேங்கடம் விருந்தாளிகள் முன்னால் எரிந்து விழுந்தார். வெளிநாட்டிலிருந்து தருவித்த சிம் ரூட்டரில் நெட் வரவில்லை.

“துடைக்கிறேன்னு நீதான் எதையோ கெடுத்துட்டே. நெட் வந்தாத்தான் நீ போகலாம்.”

வெள்ளையம்மாள் ஜன்னலைத் திறந்தாள். “ஐயா, என்ன கேக்குது?”

“சாவு மேளம்.”

“அங்கேயே எங்கம்மா தொண்டை கிழிய அழுதுக்கிட்டிருக்கா. அது கேக்குதா?”

“இல்லை.”

“கனத்த சத்தம் மலையைத் தாண்டி வருது, கீச்சுச் சத்தம் வரல. சிக்னலும் அப்படித்தான்னு டவர் வேலைக்குப் போற என் தம்பி சொல்லுவான். இங்க எட்டுறது தாழ்ந்த பேண்டு அலைவரிசை மட்டுந்தான். உங்க பெட்டிக்கு அது காதுல விழாது போல, ஐயா.”

ரூட்டரிலிருந்த சிம்மைக் கழற்றித் தன் பழைய போனில் போட்டாள். நெட் வந்தது. ஒரு விருந்தாளி ரூட்டரின் அட்டைப்பெட்டியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“நிஜந்தான்! அந்த பேண்டே இதுல இல்லை. விலையை மட்டும் பார்த்து வாங்கினீரா?”

முதலாளி போ என்று கையை மட்டும் ஆட்டினார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள். ஈர மண்ணில் கை வைத்து, “வந்துட்டேம்ப்பா” என்றாள்.