பாதி வரிசை

ஜெசிந்தாவைக் குரு என்று சொன்னால் முதலில் விழுந்து விழுந்து சிரிக்கிறவள் ஜெசிந்தாவாகத்தான் இருப்பாள். குன்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாற்பத்திரண்டு வயது. வியாழக்கிழமை அவளுக்கு லீவு. அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் அஞ்சாறு பேர் அவள் வீட்டுச் சமையலறையில் கூடுவோம். ஒருத்தி பழைய புடவைத் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பாள். இன்னொருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள். ஓவனில் பன்னோ கேக்கோ வெந்துகொண்டிருக்கும். விற்கிறதற்கு இல்லை, போட்டிக்கும் இல்லை. செய்தால் சந்தோஷமாக இருக்கிறது, செய்கிறோம். அவ்வளவுதான்.

அவளைக் குருவாக்கியது நஞ்சுண்டன் ஐயா. அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் கீழ் பஜாரில் வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். மகள் வயசுக்காரியை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். அவள் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். சொல்லிப் பார்த்தாள், மனிதர் கேட்டால்தானே.

கடையை மூடினாரே தவிர வாட்ச்காரப் புத்தியை அவர் மூடவில்லை. வாட்ச் பார்க்கிற அதே லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டுதான் கம்பளி பின்னுவார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஊசியிலிருக்கிற கண்ணிகளை ஒன்று விடாமல் எண்ணுவார். ஐம்பத்திரண்டு இருக்க வேண்டும். ஐம்பத்தொன்று வந்தால் தீர்ந்தது, மொத்தத்தையும் உருவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பன் சுடுகிற நாளில் மடியில் டைம்பீஸை வைத்துக்கொண்டு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், கண் கொட்டாமல்.

ரெண்டு வருஷமாக ஒரு மப்ளர் பின்னுகிறார். சாண் நீளத்தைத் தாண்டினதில்லை. யாருக்கு ஐயா இது என்று கேட்டால், கழுத்து இருக்கிற யாருக்காவது என்பார். உருவும்போதுகூட அவருக்குச் சிரிப்புதான். எனக்கு வாய் துறுதுறுக்கும், இப்படி எண்ணாதீங்களேன் என்று சொல்ல. ஜெசிந்தா ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் உருவ உருவ, இவள் கம்பளியைக் கண்டாகச் சுற்றிக் கொடுப்பாள்.

மனைவி போய், கடையும் போன பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கே போவது என்றே அவருக்குத் தெரியாதாம். எங்களோடு சேர்ந்த பிறகு வியாழக்கிழமைக்குப் புதன்கிழமையே சட்டையைத் தேய்த்து மாட்டிவிடுவேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொள்வார். பார்க்கிற எங்களுக்கும் பொறாமையாக இருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை, நாங்கள் யாரும் போய்ச் சேருவதற்கு முன்னால், மத்தியானமே பையோடு போய் நின்றிருக்கிறார். அன்றைக்கு நடந்ததை அவர் வாயாலும் அவள் வாயாலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். ரெண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்.

ஜெசிந்தா பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் பையை மேஜைமேல் வைத்தார். ஊசி, கம்பளி, போர்வைக்கு வெட்டி வைத்த துண்டுகள், கேக் தட்டு, எல்லாம் அதற்குள் இருந்தது. இதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் டீச்சர், நான் இனிமேல் வரவில்லை என்றார்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பைக்குள் பார்த்தாள்.

"ஐயா, மப்ளர் பாதி வரிசையில நிக்குது."

எங்கள் கூட்டத்தில் சட்டம் என்று இருப்பதே ஒன்றுதான். பாதி வரிசையில் யாரும் ஊசியைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் ஓரத்துக் கண்ணி நழுவிவிடும். திரும்ப எடுக்கிறவருக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்றும் தெரியாது. டெலிபோன் மணி அடித்தாலும் வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். முந்தின நாள் மனம் சரியில்லாமல் அவர் அதை மறந்திருக்கிறார்.

முடித்துவிட்டே கொடுங்கள் என்றாள். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர் அவர். உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுத்தார். லென்ஸ் பைக்கு அடியில் எங்கோ கிடந்தது. அரை வரிசைதானே என்று அதைத் தேடவில்லை.

அவள் மாவை உருட்டி உருட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டே, இப்போது சொல்லுங்கள் என்றாள்.

சொன்னார். கோயம்புத்தூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது. ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. நடுவில் மிச்சமிருக்கிறதும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோதான். போனது திரும்பாது. சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவள் முகத்தையே பார்த்துப் பேசினார். டாக்டர் என்ன வயசு, கூட யார் வந்தது, பஸ்ஸில் சாப்பிட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பேச்சு முதுமலைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போய், செத்துப்போன மனைவியிடம் வந்து, மறுபடியும் கண்ணுக்கே வந்தது.

நடுவில் அவள் கையை நீட்டினாள். வரிசை முடிந்திருந்தால் கொடுங்கள் என்றாள்.

இதோ, பாதியில் இருக்கிறேன் என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். அப்போதும் அவர் பாதியில்தான் இருந்தார்.

மாவு உப்பி வந்ததும் தட்டை ஓவனுக்குள் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இருட்டு எனக்குப் பயமில்லை, என் வீட்டில் எது எங்கே என்று எனக்குத் தெரியும் என்றார் அவர்.

"சோறு யாராவது போட்டுருவாங்க டீச்சர். இந்தச் சந்தோஷத்தை எனக்கு யாரு போடுவா? நாப்பது வருஷம் வயித்துக்காகப் பார்த்தேன். ரெண்டே வருஷம்தான் எனக்காகப் பார்த்தேன். அதுக்குள்ள அதுவும் போகுதே."

அழுதார். வெட்கப்படாமல் அழுதார். ஜெசிந்தாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தி மோந்து பார்த்தார். ஓவன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பன் ஆகிவிட்டது, எடுங்கள், இன்னும் விட்டால் அடி பிடித்துவிடும் என்றார்.

அவள் எழுந்து திறந்தாள். மேலே பொன் நிறம். திருப்பித் தட்டினால் உள்ளே காலியான சத்தம், சரியாக வெந்த பன்னுக்கு வருகிற மாதிரி. அதற்கு முன்னால் எடுத்திருந்தாலும் தப்பு, பின்னால் எடுத்திருந்தாலும் தப்பு. அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

அவர் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார். கண் போன பிறகு இந்த மேஜையில் வந்து உட்கார்ந்து, நீங்கள் எல்லாரும் செய்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அதனால் இப்போதே போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவர் கை நின்றது.

நூலை இழுத்தார். வரவில்லை. மறுபடியும் இழுத்தார். பையில் இருந்த முழுக் கண்டும் தீர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

மப்ளர் மடியிலிருந்து முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

வரிசை முடிய முடிய, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கை அதைத் திருப்பிப் போட்டு அடுத்த வரிசைக்குப் போயிருக்கிறது. அவள் கேட்டபோதெல்லாம் அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வரிசையின் பாதியில்தான் இருந்திருக்கிறார்.

பைக்குள் துழாவி லென்ஸை எடுத்து மாட்டினார். கண்ணிகளை எண்ணினார். ஐம்பத்திரண்டு. நம்பாமல் எதிர்ப்பக்கமிருந்து எண்ணினார். ஐம்பத்திரண்டுதான். துணியை வெளிச்சத்தில் பிடித்து அடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ரெண்டு கண்ணி நேராக, ரெண்டு கண்ணி மறுபக்கமாக, கோடு கோடாக ஏறிப் போயிருந்தது. பஸ்ஸைச் சொன்ன இடத்தில், மனைவியைச் சொன்ன இடத்தில், அழுத இடத்தில், ஓரிடத்திலும் பிசகு இல்லை. லென்ஸ் போட்டுப் பின்னிய பழைய சாண் நீளத்தில்தான் ஒரு கண்ணி கோணலாகக் கிடந்தது.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்றார் என்னிடம். கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை என்றார். சொல்லும்போது எனக்கும் சிலிர்த்தது.

லென்ஸைக் கழற்றி வைத்தார். ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தார், முன்னே பின்னே தெரியாத யாரையோ பார்க்கிற மாதிரி. எழுந்து நிற்க வேண்டும் போலிருந்ததாம். நின்றார்.

"டீச்சர், இதை யாரு பின்னினது?"

ஜெசிந்தா ஒரு பன்னை எடுத்துப் பிட்டாள். ஆவி பறந்தது. பாதியை அவர் கையில் வைத்தாள்.

"நான் பன் சுட்டுட்டு இருந்தேங்க ஐயா. வீட்டுல வேற யாரும் இல்லை."