உப்பு போட்டது யார்?

குருபூசை அன்று ஆசிரமத்துச் சாம்பாரை ஒரு வாய்க்கு மேல் யாராலும் விழுங்க முடியவில்லை. அவ்வளவு உப்பு. வந்திருந்த அறுநூறு பேரும் அரைப் பசியோடு இலையை மூடிவிட்டு எழுந்தார்கள்.

சமையலறைப் பொறுப்பு வைரவநாதனுடையது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் ஞானாம்பாள் அம்மையாரிடம் சீடராக வந்தவர். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அது அவரை ஒருநாளும் உறுத்தியதில்லை. இன்றைக்கு அந்த அறுநூறு முகங்கள்தான் உறுத்தின. பாவம், மனிதர் கூனிக் குறுகிப் போனார். அவமானப்பட்டவருக்குக் கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் வேண்டுமே, சமையல்காரர்களில் ஒருவனைத் தேடிப் பிடித்துவிட்டார்.

"அம்மா, சடையாண்டிய இன்னைக்கே ஊருக்கு அனுப்பிடுறேன். உப்பு போட்டது அவன்தான்."

அம்மையார் அந்தச் சாம்பாரைத்தான் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"சமைச்ச மூணு பேரையும் கூப்பிடுங்க சார்."

வந்தார்கள்.

"உப்பு போட்டது யாரு?"

"நான்தாம்மா" என்றான் சடையாண்டி. இருபது வருஷமாக அவனுக்கு அந்த அடுப்படிதான் வீடு.

"நானும் போட்டேம்மா" என்றாள் பேச்சியம்மாள்.

இருளப்பன் தலையைச் சொறிந்தான். "யாரும் போடலியோன்னு நெனச்சு நானும் ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டேன்."

வைரவநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கிற வழக்கம் அங்கே கிடையாது. "இத்தனை வருஷம் எப்படிச் சரியா வந்துச்சு?" என்று கேட்டார் அம்மையார்.

"போட்டதும் சத்தம் குடுப்போம்மா. 'உப்பு போட்டாச்சு'ன்னு ஒரு குரல் கேட்டா, அடுத்த ஆளு கை வைக்க மாட்டாங்க" என்றான் சடையாண்டி.

"இன்னைக்கு?"

மூவரும் வைரவநாதனைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். கடைசியில் பேச்சியம்மாள்தான் சொன்னாள்.

"அடுப்படி சந்தக்கடை மாதிரி இருக்கு, பூசை முடியுற வரைக்கும் யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு நேத்து சார் சொல்லிட்டாங்கம்மா."

அவர்கள் போனார்கள். வைரவநாதன் இடுப்பிலிருந்த சாவியை, மளிகைச் சாமான் இருக்கும் உக்கிராண அறையின் சாவியை, எடுத்துக் குருவின் முன் வைத்தார்.

"எனக்கு இது வேண்டாம்மா. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"யாருக்குக் குடுக்கலாம்?"

"தப்பு பண்ணாதவங்களுக்கு."

"அவங்க இனிமேதானே பண்ணணும்" என்று சிரித்தபடி அம்மையார் சாவியை அவர் பக்கம் நகர்த்தினார்.

வைரவநாதனின் கண்கள் நிறைந்துவிட்டன. "நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுப்படிக்குள்ள போவேம்மா?"

"இதே மூஞ்சியோட போங்க சார். உள்ள போனதும் மொத சத்தம் நீங்க குடுங்க. சாம்பார் கெட்டது என்னாலதான்னு, மூணு பேரு காதுலயும் விழுற மாதிரி."