பண்டிதர் முதுகில் ஒரு சித்திரம்

செவ்வந்திபுரத்து ராஜா பூபதிரங்கர் புதிதாக ஒரு கொலுமண்டபம் கட்டினார். கட்டினவர் சும்மா இருப்பாரா? பெரிய சுவர் முழுக்கச் சித்திரம் வேண்டும் என்று சிங்கையா என்ற ஓவியனை வரவழைத்தார். சிங்கையா நல்ல கைக்காரன். ஆனால் வேலை முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சுவருக்குத் திரை கட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தான்.

ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் பரிவாரத்தோடு மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார். நுழைந்ததும் வாசலுக்குப் பக்கத்துச் சின்னச் சுவர் கண்ணில் பட்டது. சிவப்பில் ஒரு இழுப்பு, பச்சையில் ஒரு இழுப்பு, மஞ்சளில் நாலு தீற்றல், நடுவே கறுப்பாக ஒரு திட்டு.

"அடடா! என்ன அழகு!" என்று ராஜா அப்படியே நின்றுவிட்டார்.

அவ்வளவுதான், கூட வந்தவர்களுக்கு நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. "சிவப்பு மகாராஜாவின் வீரம்!" என்றார் தளபதி. "பச்சை நம் வயல்வளம்!" என்றார் மந்திரி. "மஞ்சள் கஜானாப் பொன்!" என்றார் பொக்கிஷதார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து முன்னால் வந்தார் நாகநாத பண்டிதர். மனுஷர் எதைக் காட்டினாலும் அர்த்தம் சொல்லுவார். யாராவது கொட்டாவி விட்டால் அதற்கும் சொல்லுவார். அரண்மனை ஓவியன் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கிக் கொடுக்க அவருக்கு வெகுநாளாக ஆசை.

"மகாராஜா, சொல்லவே நா கூசுகிறது. பச்சை நம் நாடு. அதன்மேல் வழிகிற சிவப்பு ரத்தம். நடுவே கறுப்பாகக் கவிழ்ந்து கிடப்பது தங்கள் சிம்மாசனம். இந்த ஓவியன் எதிரியின் ஆள்!"

ராஜாவின் முகம் சுண்டிவிட்டது. "நாளைக்குச் சபையில் அவனே அர்த்தம் சொல்லட்டும். பண்டிதர் சொன்னது மெய்யானால் வரைந்த கையை வெட்டுங்கள்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

சபையில் விகடம் பேசுகிற ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரும் போனபிறகு திரைக்குள் தலையை நீட்டினான். உள்ளே சிங்கையா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தான்.

"ஏனப்பா, அந்த வாசல் சுவரில் என்னதான் வரைந்தாய்?"

"ஐயோ, நான் எங்கே ஐயா வரைந்தேன்? வண்ணம் மாற்றும்போதெல்லாம் தூரிகையை அங்கே துடைப்பேன். அவ்வளவுதான்!"

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் உறைத்தது. உண்மையைச் சொன்னால், தூரிகை துடைத்த சுவரைப் பார்த்து வாய்பிளந்த ராஜாவை நினைத்து ஊரே சிரிக்கும். அப்போது கை மட்டுமா போகும்? தலையே போகும்.

"காலையில் சபை கூடுவதற்கு முன்னால் அதே இடத்தில் இன்னொரு தடவை நன்றாகத் துடைத்து வை. ஈரம் காயவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சபை அந்த மண்டபத்திலேயே கூடியது. காவலர்கள் சிங்கையாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மகாராஜா, இவன் பேசுமுன் பண்டிதர் சொன்ன அர்த்தத்தை இன்னொரு முறை கேட்க ஆசை. அடியேன் மரமண்டை. அவர் சுவரோரமாக நின்று எங்களைப் பார்த்து விளக்கினால் நன்றாகப் புரியும்" என்றான் ஆவுடையப்பன்.

பண்டிதருக்குச் சொல்ல வேண்டுமா? வெள்ளைவெளேரென்ற அங்கவஸ்திரத்தை உதறிப் போர்த்திக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார். வலதுபக்கம் சாய்ந்து "ரத்தம்!" என்றார். இடதுபக்கம் சாய்ந்து "நாடு!" என்றார். சிம்மாசனம் கவிழ்வதை நடித்துக் காட்டும் வேகத்தில் முதுகாலேயே சுவரை ஒரு தேய் தேய்த்தார். முடித்துவிட்டு, பெருமை பொங்கத் தன் ஆசனத்துக்குத் திரும்பி நடந்தார்.

"பிடியுங்கள் அந்தத் துரோகியை!" என்று கத்தினான் ஆவுடையப்பன். "மகாராஜா, அவர் முதுகைப் பாருங்கள்! அதே நாடு, அதே ரத்தம், அதே கவிழ்ந்த சிம்மாசனம்! சிங்கையாவாவது சுவரில் வரைந்தான். இவர் தங்கள் வீழ்ச்சியைப் போர்த்திக்கொண்டு தங்கள் கண்ணெதிரிலேயே உலாத்துகிறார்! வரைந்தவனுக்குக் கை போகுமென்றால் போர்த்தினவருக்கு எது போக வேண்டும்?"

பண்டிதர் அங்கவஸ்திரத்தை முன்னால் இழுத்துப் பார்த்தார். தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது! வெறும் சாயம்! துவைத்தால் போய்விடும்!"

"அப்படியானால் சுவரில் இருப்பது?" என்றார் ராஜா.

"அதுவும் சாயம்தான் மகாராஜா! சத்தியமாகச் சாயம்தான்!"

காவலர்கள் சிங்கையாவின் கையை விட்டார்கள். ஆனால் ராஜாவின் மீசை துடித்தது. "ஓகோ! வெறும் சாயத்தைப் பார்த்தா நான் 'என்ன அழகு' என்றேன்? நான் என்ன முட்டாளா? ஆவுடையப்பா, நீ சொல்!"

ஆவுடையப்பன் ஒரு அடி முன்னால் வந்தான். கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"தாங்கள் அழகு என்று மட்டும்தானே சொன்னீர்கள் மகாராஜா? அர்த்தம் சொன்னது மற்றவர்கள். தாங்கள் ஒருவர்தான் சுவரைப் பார்த்தீர்கள். அவர்கள் அத்தனை பேரும் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள்!"

ராஜா குபீரென்று சிரித்துவிட்டார். சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் மாட்டிக்கொண்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆவுடையப்பனிடம் வீசினார். "சிங்கையா, நீதான் இனி அரண்மனை ஓவியன். அவிழ் உன் திரையை!"

சரசரவென்று திரை விழுந்தது. யானையும் சந்தையும் ஆறும் கூத்தும் தேருமாகச் சுவர் முழுக்கச் சித்திரம்! ராஜா ஆவலோடு சபையைத் திரும்பிப் பார்த்தார். தளபதி, மந்திரி, பொக்கிஷதார், பண்டிதர், அத்தனை பேர் கண்ணும் ராஜாவின் முகத்தில்தான்!

"அப்படியா சங்கதி?" என்று பட்டு உத்தரீயத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார் ராஜா. "இப்போது சொல்லுங்கள் பார்க்கலாம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேறு வழியில்லாமல் எல்லோரும் சுவர் பக்கம் திரும்பினார்கள். சிங்கையா பதறிப்போனான்.

"ஐயா, ஏன் யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள்? சித்திரம் நன்றாயில்லையா?"

"கொஞ்சம் பொறு சிங்கையா" என்றான் ஆவுடையப்பன். "இப்போதுதான் பார்க்கவே ஆரம்பித்திருக்கிறார்கள்."