தொடாத இழை

சண்முகக்கனி அம்மாளின் வலது கால் கட்டோடு கட்டிலில் நீண்டிருந்தது. மறுநாள் காலை இரண்டு விரல்களை எடுத்தாக வேண்டும்.

பயிற்சி மருத்துவன் ஆரோக்கியராஜால் அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன், சர்க்கரையால் பாதம் எரிகிறதென்று வந்தவரைச் சோதித்து, சீட்டில் ‘தொடு உணர்ச்சி நன்றாக உள்ளது’ என்று எழுதியது அவன்தான். செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் வழக்கம்போல வெறுங்காலோடு உப்பளத்தில் இறங்கினார். உப்புக்கல் கிழித்து, விரலிடுக்கில் சீழ் வைத்தும் அவருக்குத் தெரியவில்லை.

“இந்தத் தம்பி குடுத்த மாத்திரையிலதாம்மா எரிச்சல் கொறஞ்சு கண்ண மூடுனேன். கைராசிக்காரப் புள்ள” என்றார், பெரிய டாக்டர் தெய்வானையிடம்.

ஆரோக்கியராஜ் தெய்வானையின் பக்கம் திரும்பினான்.

“மேடம், பத்து இடத்துல நைலான் இழையை அழுத்திப் பார்த்தேன். பத்துக்கும் தெரியுதுன்னாங்க. எரியற கால் எப்படி மரத்துப் போகும்?”

“எரியவும் செய்யும், மரக்கவும் செய்யும்.”

“அப்போ நான் எங்க தப்பு பண்ணேன்?”

தெய்வானை இழையை எடுத்துக்கொண்டு சண்முகக்கனியின் இடது காலருகே உட்கார்ந்தார்.

“கண்ண மூடிக்கோங்கம்மா.”

மூடினார். இழை காலில் படவில்லை. காற்றில் நின்றது.

“தெரியுதா?”

“தெரியுதும்மா.”

“இப்ப?”

“நல்லாத் தெரியுது.”

இழையை மேசையில் வைத்துவிட்டு, “இப்ப?” என்றார்.

“தெரியுதும்மா.”

ஆரோக்கியராஜ் மேசையில் கிடந்த இழையைப் பார்த்தான்.

“கண்ணத் தொறங்க. நான் தொடவே இல்லையே, ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

சண்முகக்கனி கூச்சத்தோடு முந்தானையைத் திருகினார்.

“அன்னைக்கு இந்தத் தம்பி என் கால மடியில தூக்கி வச்சுக்கிட்டு, தெரியுதா தெரியுதான்னு அம்புட்டு ஆசையாக் கேட்டுச்சு. இந்த உப்புக்கால எங்க வீட்டுக்காரரு கூடத் தொட்டதில்ல. இல்லன்னு சொல்ல மனசு வரல. இன்னைக்கு நீங்களும் அதையே கேக்கீக.”

“அம்மா, அன்னைக்கு நான் எழுதினது தப்பு” என்றான் அவன்.

“விடு ராசா. ரெண்டு வெரலுதான.”

வெளியே வந்ததும் அவன் கேட்டான்.

“இனிமே எப்படிக் கேட்கட்டும் மேடம்?”

“கேக்காதீங்க. பட்டா சொல்லுங்கன்னு முதல்லயே சொல்லிட்டு, தொட்டுக் காத்திருங்க. அவங்க ஒண்ணுமே சொல்லலேன்னா, அதை எழுதுங்க.”