வலப்பக்கத்துத் தங்கையும் மஞ்சள் மருந்தும்

பொள்ளாச்சிப் பக்கம் மரகதவடிவு என்றொருத்தி இருந்தாள். அவள் உடம்புக்குள் இரண்டு சிறுநீரகங்கள்: இடப்பக்கம் அக்காள், வலப்பக்கம் தங்கை. ஐம்பத்திரண்டு வருஷமாக ரத்தத்தைக் கழுவிக் கழுவி அனுப்புவதே இருவருக்கும் வேலை.

ஒரு நாள் தேங்காய் நார்த் தூசியோடு பூஞ்சை ஒன்று மூக்கு வழியாக நுழைந்தது. முன்பும் எத்தனையோ வந்ததுண்டு. காவலிருந்த வெள்ளையணுக்கள் வாசலிலேயே மடக்கிவிடும். இந்த முறை மரகதவடிவுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. காவலர்கள் சோர்ந்து கிடந்தார்கள். பூஞ்சை நுரையீரலில் வேர்விட்டு, ரத்தக் குழாயில் இறங்கி, உடம்பெல்லாம் சுற்றக் கிளம்பியது. போன இடத்தில் குழாயை அடைத்தது. ரத்தம் கிடைக்காத சதை கறுத்தது.

"யாரைக் கேட்டு வந்தே?" என்றாள் தங்கை.

"கதவு திறந்திருந்துச்சு. சர்க்கரையும் எடுத்து வெச்சிருக்கீங்க. விருந்தாளியை இப்படியா கேட்பாங்க?" என்றது பூஞ்சை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கறுப்புத் தாள் சுற்றிய பாட்டிலிலிருந்து மஞ்சள் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. இறங்கியதும் பூஞ்சையை விளாசியது. பாதி அடி தங்கைமேல் விழுந்தது.

"ஐயோ, அண்ணே! நான் இந்த வீட்டுப் பொண்ணு!"

மருந்து கையை நிறுத்தியது. "அவன் தோலும் உன் தோலும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது தாயி. போயிரட்டுமா?"

தங்கை அக்காளைப் பார்த்தாள். அவளும் வீங்கிப்போயிருந்தாள். மேலே இதயம் தடதடத்துக்கொண்டிருந்தது. மருந்து போய்விட்டால் பூஞ்சை மூளைக்கு ஏறிவிடும். அப்புறம் மரகதவடிவு இல்லை.

"போகாதீங்கண்ணே. கொஞ்சம் பார்த்து அடிங்க."

வெளியே, கட்டிலருகே, மரகதவடிவின் கணவர் பொன்னுரங்கம் நர்ஸிடம் கேட்பது காதில் விழுந்தது. "ஏனுங் கண்ணு, மருந்துக்கு முந்தி இந்த உப்புத் தண்ணி எதுக்கு?"

"கிட்னி தாங்கணுமில்லீங்க?"

"அப்படின்னா அதுக்கு ஒண்ணும் குறை வெச்சுடாதீங்க."

"கேட்டியாக்கா?" என்றாள் தங்கை. "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நம்மளை விசாரிக்கிறார்."

அக்காளுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

ஆறு வாரம் போயிற்று. நடுவில் இரண்டு நாள் மருந்து ஒதுங்கி நின்று அவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. கடைசியில் பூஞ்சை வேரோடு காய்ந்தது.

மருந்து வெளியே போகவும் தங்கையின் வாசலைத்தான் தாண்ட வேண்டும். அது தலைகுனிந்து நின்றது.

"ரொம்ப அடிச்சுட்டேன் தாயி."

தங்கை நோகிற உடம்போடு ஒதுங்கி வழிவிட்டாள். வெறும் தண்ணீரைக்கூட 'போயிட்டு வாங்க' என்று அனுப்பித்தான் அவளுக்குப் பழக்கம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"மகராசனாப் போங்கண்ணே," என்றாள். "வந்துடாதீங்க."