கேட்டோம்

மருதங்கோட்டை சமஸ்தானத்தில் அரண்மனைச் சேதியைத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லும் வேலை இருளாண்டியுடையது. தெருமுனையில் நிற்பார். தமுக்கை மூன்று தட்டுத் தட்டுவார். சேதியைச் சொல்வார். வாசலிலிருந்தும் வீட்டுக்குள்ளிருந்தும் ஜனங்கள் "கேட்டோம்" என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் வந்த பிறகுதான் அடுத்த தெருவுக்கு நடப்பார். முப்பத்தைந்து வருஷமாக அதுதான் வழக்கம்.

அவருக்கு ஒரு குரு உண்டு. சிஷ்யர் என்றதும் யாரோ இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். சிஷ்யருக்கு அறுபத்து மூன்று வயது, குருவுக்கு நாற்பதுதான். ஊருக்கு மேற்கே மேட்டில் இருந்த சின்ன மடத்து உமையாள் அம்மாதான் அந்தக் குரு. கொள்ளைக்காய்ச்சல் வந்த வருஷத்தில் ஊரில் எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தபோது மடத்துக் கதவு மட்டும் திறந்திருந்தது. அப்போதுதான் இருளாண்டி அங்கே போகத் தொடங்கினார்.

காய்ச்சல் ஓய்ந்து ஒரு வருஷம் ஆயிற்று. ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் மடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆள் தொப்பலாக நனைந்திருந்தார். தமுக்கு மட்டும் நனையவில்லை. தன் கம்பளியை அதற்குப் போர்த்திக் கொண்டுவந்திருந்தார். தோல் நனைந்தால் தமுக்கு பேசாது.

அம்மா அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, இந்த மழையில?"

"கண்மாய்க்கரை உடையப் போகுதும்மா."

"யார் சொன்னது?"

"அரண்மனை உத்தரவு. கரைக்குக் கீழ இருக்கிற பள்ளத்தெரு ஜனம் பொழுது சாயறதுக்குள்ள மேட்டுக்கு வந்தாகணுமாம். நாப்பது வீடு. விடிஞ்சதுல இருந்து மூணு தரம் போய்ச் சொல்லிட்டேன். ஒருத்தரும் அசையல."

"நம்பலையா?"

"வீட்டைப் பிடுங்கறதுக்கு நாடகம்னு சொல்றாங்க. காய்ச்சல் நேரத்துல எட்டு நாளைக்கு வெளிய இருங்கன்னு சொன்னேன். திரும்பி வந்து பார்த்தா, நோய்க்காரங்க இருந்த வீடுன்னு அஞ்சு வீட்டை அரண்மனை ஆளுங்க கொளுத்தி வச்சிருந்தாங்க. போய்ச் சொன்னது இந்த வாய்தானம்மா."

அம்மா கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"மூணு தரமும் யாருமே கேட்டோம்னு சொல்லலையா?"

"சொல்லுச்சு. பேச்சி வீட்டுக் கிளி."

அம்மா சிரித்துவிட்டார். இருளாண்டிக்கும் சிரிப்பு வந்தது. பாதியிலேயே கண் கலங்கிவிட்டது. அந்தக் கிளிக்கு அந்தச் சொல்லைப் பழக்கியவன் பேச்சியின் புருஷன் சுடலை. காய்ச்சலில் விழுந்தவனை அரண்மனை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. போனவன் போனவன்தான்.

"அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சும்மா!" என்றார் இருளாண்டி. ஈரத்தோடு அடுப்போரம் உட்கார்ந்தார். "பாவடித் தெருவுல நான் போய் நின்னா அத்தனை தறியும் ஒண்ணா நிக்கும். கேட்டோம்னு ஒரே குரலா வரும். மறுபடி தறிச் சத்தம் தொடங்கும். செக்கடியில மாடுகூட நின்னுக்கும். பள்ளத்தெருவுல சுடலை, கூரை வேய்ஞ்சுக்கிட்டே மேல இருந்து கத்துவான். கல்யாணச் சேதியோ தேர்ச் சேதியோ, என்ன சொன்னாலும் நம்புவாங்க. நாளைக்குச் சூரியன் மேற்க உதிக்கும்னு சொல்லியிருந்தாலும் பாயைத் திருப்பிப் போட்டுப் படுத்திருப்பாங்க."

"நானும் சொல்லியிருக்கேன்," என்றார் அம்மா. "பாவடித் தெருவுலதான் எங்க அத்தை வீடு. எனக்கு அஞ்சாறு வயசு. வாயில கொழுக்கட்டை. கேத்தோம்னு வந்துச்சு. நீங்க திரும்பிப் பார்த்துச் சிரிச்சீங்க."

"அது நீங்களாம்மா!"

அவருக்குக் கொஞ்சமும் ஞாபகமில்லை. ஆனாலும் அந்தக் கொழுக்கட்டை வாயை நேற்றுப் பார்த்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியும்விட்டது.

"அந்தக் காலம் திரும்ப வரணும்மா. இன்னைக்கு ஒரு நாளைக்காவது வரணும். என்ன சொன்னா நம்புவாங்க? அதை மட்டும் சொல்லுங்க, ஓடிடறேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கம்பளியை விலக்கி, தமுக்குக் கோலை எடுத்தார். மூன்று தட்டுத் தட்டினார்.

"எதுக்கும்மா இப்ப..."

டம், டம், டம்.

"நேரமாகுதும்மா, அவங்களை எப்படி..."

டம், டம், டம்.

"அம்மா, பொழுது..."

இந்த முறை தட்டு பலமாக விழுந்தது. அடுக்களைப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. குருவாவது ஒன்றாவது என்று இருளாண்டி கத்திவிட்டார்.

"நாப்பது வீட்டு உசிரும்மா! நான் கேக்கறது உங்க காதுல விழலையா?"

அம்மா நிறுத்தினார்.

"இந்த வார்த்தையை இதுக்கு முன்னால எங்கயாவது கேட்டிருக்கீங்களா பெரியவரே?"

இருளாண்டி தமுக்கின் மேல் கையை வைத்தார்.

"பேச்சி," என்றார். "இதே வார்த்தையைத்தான் சொன்னா. எம் புருஷனை எங்க கொண்டு போனீங்கன்னு தெருமுனையில நின்னு கேட்டா. பாவடித் தெருவுல, எட்டு நாள் எட்டு நாள்னு உள்ளயே இருக்கச் சொல்றீங்களே, இது எத்தனாவது எட்டு நாள்னு கேட்டாங்க. நாங்க கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கோம், அரண்மனையில மட்டும் எப்படி மேளம் கொட்டுதுன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேள்விக்கு நிக்காதேன்னு உத்தரவு. தமுக்கை அடிச்சேன். அவங்க சத்தம் கூடக்கூட நானும் கூட்டி அடிச்சேன்."

"ஆக, அந்த வருஷமும் ஊர் கேட்டுத்தான் இருக்கு."

இருளாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"சுடலையை எங்க புதைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அம்மா.

"தெரியும். வண்டிக்கு முன்னால தமுக்கடிச்சுக்கிட்டுப் போனவன் நான்தானே. வெளிய சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. சொன்னா இந்த வேலை இருக்காதும்மா."

அம்மா கோலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீரையிடம் திரும்பினார்.

இருளாண்டி பள்ளத்தெருவுக்கு நேரே போகவில்லை. முதலில் கண்மாய்க்கரைக்குப் போனார். உத்தரவில் எழுதியிருந்ததைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, கரையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கும் வழக்கமும் இல்லை. வழுக்கி வழுக்கிக் கரையின் அடிக்கு இறங்கினார். ஓரிடத்தில் நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கையை விட்டுப் பார்த்தார்.

அங்கிருந்து பாவடித் தெரு வழியாக நடந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரைக் கண்டு எதுவும் நிற்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் பழைய குரல் காதுக்குள் ஒலித்தது. இன்ன வாசலில் இன்னாருடைய குரல் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும். அவற்றில் பாதிக் குரல்கள் இப்போது உலகத்திலேயே இல்லை. மீதிக் குரல்களை அவரே தமுக்கடித்து அடக்கியிருந்தார். நிற்காமல் நடந்தார்.

பேச்சி வீட்டு முன்னால் போய் நின்றதும் பழக்க தோஷத்தில் கை கோலுக்குப் போயிற்று. அவர் தட்டுவதற்கு முன்பே கூண்டுக்குள்ளிருந்து கிளி சொன்னது: "கேட்டோம்!"

பேச்சி வெளியே வந்தாள்.

"நாலாந் தடவையா தமுக்கய்யா? தொண்டைத் தண்ணி வத்தறதுதான் மிச்சம். வீட்டை விட்டு நாங்க வரமாட்டோம்."

"சேதி சொல்ல வரல தாயி."

"பின்ன எதுக்கு வந்தீக?"

"போன வருஷம் என்னை ஒண்ணு கேட்டியே. அதுக்குப் பதில் சொல்லாமப் போயிட்டேன். அதைச் சொல்ல வந்தேன்."

பேச்சி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழக்கு மேட்டுல, சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பின்னால. இலந்தை மரத்துல இருந்து வடக்க ஆறாவது குழி. நான் பக்கத்துலதான் நின்னேன். புது வேட்டி போர்த்தித்தான் இறக்கினாங்க. நான் ஒரு பிடி மண்ணு போட்டேன்."

அவள் அழவில்லை. "ஆறாவது," என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் அம்மாவை எங்கே வைத்தீர்கள் என்று ஒருவன் கேட்டான். எங்கள் வீட்டைக் கொளுத்தச் சொன்னது யார் என்று ஒரு கிழவர் கேட்டார். தெரிந்ததை இருளாண்டி சொன்னார். தெரியாததற்குத் தெரியாது என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தத் தெருவில் நின்று அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

கடைசியில் பேச்சிதான் கேட்டாள்.

"கரை நெசமாவே உடையுமா?"

"தெரியல தாயி. அடியில கொப்பளிக்குது."

"அரண்மனை சொல்றதா, நீங்க பார்த்ததா?"

"நான் பார்த்தது. கையை விட்டேன்." கையை விரித்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் கரையின் செம்மண் அப்பியிருந்தது. "தண்ணி தெளிவா வரல. செக்கச்செவேல்னு வருது."

கண்மாய்க்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெளிந்த நீர் கசிவதை அவர்கள் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார்கள். மண்ணோடு வந்தால் கரை உள்ளே அரிபடுகிறது என்று அர்த்தம். பேச்சி உள்ளே போய்க் குதிரிலிருந்த நெல்லை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கிளிக்கூண்டோடு வந்தாள். மழையில் கிளி வெடவெடவென்று நடுங்கியது. இருளாண்டி தமுக்கிலிருந்து கம்பளியை உருவிக் கூண்டின் மேல் போர்த்தினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாற்பது வீட்டு ஜனமும் ஆடுமாடுகளும் மடத்தில் இருந்தார்கள். சிறிது நேரத்தில் கீழேயிருந்து பெரும் சத்தம் ஒன்று எழுந்து அடங்கியது. அது என்னவென்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளத்தெருவில் அப்போது ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை.

இருளாண்டி ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருஷம் கேட்ட அந்த ஒரு சொல்லுக்காக அவர் காது ஏங்கியது. அது வரவில்லை. அதற்குப் பதிலாக அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கரையை ஏன் கோடையிலேயே கட்டவில்லை? வீடு யார் கட்டிக் கொடுப்பார்கள்? அரண்மனைக்காரர்கள் யாராவது இங்கே வந்து முகம் காட்டுவார்களா?

அவர்களிடமிருந்து ஒருவழியாக விலகி அடுக்களைக்கு வந்தார். அம்மா கஞ்சிப் பானையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலம் வரலைம்மா," என்றார். "கேட்டோம்னு ஒருத்தரும் சொல்லல. கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"தமுக்கு எங்க பெரியவரே?"

"மழையில நனைஞ்சு தோலு தொய்ஞ்சு போச்சும்மா. இனிமே அதுல சத்தம் வராது."

அம்மா பானையை இறக்கி வைத்தார்.

"நல்லதாப் போச்சு. இனிமே உங்களுக்குக் கேட்கும்."